கூடுவாஞ்சேரி – சோழிங்கநல்லூர்: ராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்ப என்ன வழி?

வணக்கம். வீடு கூடுவாஞ்சேரி, வேலை சோழிங்கநல்லூர். போன மாதத்திலிருந்து ஷிஃப்ட் மதியம் 1 முதல் இரவு 10 வரை. போவதில் சிக்கல் இல்லை. மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து 99 பிடித்தால் மேடவாக்கம் வழியாகப் போய்விடலாம். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. திரும்பி வருவதுதான் பெரும்பாடு.

ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன். 110 சிசி, லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும். போக வர 60 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேல். சம்பளம் 22,000, அதில் மூவாயிரத்துக்கு மேல் பெட்ரோலுக்கே. காசு கூடப் பரவாயில்லை. ராத்திரி மேடவாக்கம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வீட்டில் சம்மதமில்லை (எனக்கும்தான்). ஷேர் ஆட்டோ கிடைத்தாலும் மேடவாக்கத்தோடு சரி. ஆப்பில் ஆட்டோ போட்டால் அன்றைய சம்பளத்தில் பாதி காலி. கம்பெனி கேப் ஒப்பந்த ஊழியர்களுக்குக் கிடையாதாம். ஹெச்ஆரிடம் கேட்டாயிற்று, பிடிகொடுக்கவில்லை.

1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் டீலக்ஸிலும் ஏறலாம். எடுக்கத் தயார். ஆனால் அந்த நேரத்தில் பஸ் எப்போது வரும் என்று கணிக்கவே முடியவில்லை. தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலை விட்டுவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும்.

இந்தப் பக்கம் ராத்திரி வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் சொல்லுங்கள்: 10 மணிக்கு மேல் சோழிங்கநல்லூரிலிருந்து தாம்பரம் வர, தினமும் நம்பக்கூடிய வழி எது?