கார்புரேட்டர் மாருதி 800க்கு எந்தப் பெட்ரோல் ட்யூப் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. ஆபீஸ், மார்க்கெட், பிள்ளைகளின் டியூஷன் எல்லாவற்றுக்கும் என்னிடம் இருப்பது 1998 மாருதி 800தான். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. வண்டியின் பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபை வளைத்துப் பார்த்தேன். கிளிப் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்? மாற்றத்தான் போகிறேன். எத்தனால் தாங்கும் ட்யூப் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார் கடைக்காரர். நம்ப மனமில்லை.

கார்புரேட்டர் வண்டியைத் தினமும் ஓட்டுபவர்கள் என்ன ட்யூப் போட்டீர்கள்? பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரத்தையும் (ரப்பர் சவ்வு) சேர்த்தே மாற்றிவிடலாமா? கோயம்புத்தூரில் எங்கே கிடைக்கும்? அப்படியே உங்கள் வண்டிப் படத்தையும் போடுங்கள், கழுவாத வண்டியானாலும் சரி.