வண்டி ஷெட்டில் விறகு அடுப்பு வைக்கலாமா?

ஏற்காட்டு மெக்கானிக்: மார்கழிக் குளிரில் ராத்திரி ஸ்பானரைப் பிடித்தால் விரல் மரத்துப் போகிறதுங்க. பழைய ஆயில் டிரம்மில் கதவும் புகைக்குழாயும் வைத்து அடுப்பு செய்துவிட்டேன். ஷெட்டில் எந்த மூலையில் வைக்கலாம்?

பொள்ளாச்சி தோப்புக்காரர்: எந்த மூலையிலும் வேண்டாம் தம்பி. கார்புரேட்டரைக் கழற்றினால் பெட்ரோல் சிந்தும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்பு வாய்க்கே போய்ச் சேரும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 211 தீப்பாதுகாப்பு நெறியே கார் ஷெட்டில் விறகு அடுப்பு கூடாது என்கிறது.

வால்பாறை லயன்வீடு: இப்படிப் பயந்தால் மலையில் குடியிருக்க முடியுமா? கட்டிலுக்கடியில் கரிச்சட்டி வைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஷெட் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்: கதவைத் திறந்தால் குளிர் வருமே, அப்புறம் அடுப்பு எதற்குங்கண்ணா? உங்கள் லயன் வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று வந்து போனது. இப்போது கான்கிரீட் தளம், இறுக மூடும் சன்னல். கரியில் புகை தெரியாது, அதுதான் ஆபத்தே. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல் வந்து, எழுந்துபோய்க் கதவைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது.

வால்பாறை லயன்வீடு: சரி, பேரன் தூங்கும் அறையில் கரிச்சட்டியை நானும் வைக்க மாட்டேன். ஆனால் குழாய் வைத்த அடுப்பை அதோடு சேர்க்காதீர்கள். வீட்டுக்குள் தாராளமாக வைக்கலாம்.

காபித்தோட்டத்து அக்கா: எங்கள் கூடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. முதல் வருஷம் சில்வர் ஓக் கிளையைக் கழித்துப் பச்சையாகவே எரித்தோம். குழாய்க்குள் கீல் மாதிரி கருப்பாகப் படிந்துவிட்டது. அது பற்றினால் கூரையே போய்விடும். இப்போது கோடை முழுக்கக் காய்ந்த விறகுதான், வருஷத்துக்கு ஒருமுறை குழாயைத் துடைக்கிறோம். குழாய் கூரைக்கு மேல் 3 அடியாவது நிற்க வேண்டும்.

சாம்பலையும் நம்பாதீர்கள். ஆறிவிட்டது என்று சாக்கில் அள்ளித் திண்ணையில் வைத்தேன். விடியற்காலையில் பார்த்தால் சாக்கின் அடியில் தட்டு அகல ஓட்டை, அதன் ஓரத்தில் நெருப்பு சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளே கங்கு சாகவேயில்லை. இப்போது மூடி போட்ட தகர வாளியில் அள்ளி வாசலுக்கு வெளியே வைக்கிறேன்.

ஏற்காட்டு மெக்கானிக்: அப்படியானால் வண்டி வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொள்கிறேன். டிரம்மை வீட்டுக்குள் கொண்டுபோகலாமா?

பொள்ளாச்சி தோப்புக்காரர்: அதற்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. டிரம் தகடு மெல்லிசு, சூட்டில் அரித்து ஓட்டை விழும். வார்ப்பிரும்பு அடுப்பாகப் பாருங்கள்.

வால்பாறை லயன்வீடு: நல்ல கனமான டிரம் என்றால் தாங்கும். முதலில் வெளியில் எரித்துப் பெயிண்ட் வாடை போகட்டும்.