பேய் வீடும் பழைய வைப்பர் மோட்டரும்

போன ஏப்ரல் லீவுக்கு கொழும்பில ஒரு கார்னிவலுக்குப் பேய் வீடு செய்து குடுத்தன். நான் கீறினது ஏழு அறை. முதலாளி படத்தைப் பாத்தார், கணக்கைப் பாத்தார், "தம்பி, மூண்டு அறைக்குத்தான் காசிருக்கு" எண்டார். அண்டிரவு முழுக்கக் கோவம்.

விடிய எழும்பி ஒவ்வொண்டா வெட்டினன். றெஜிபோம் எண்ட வெள்ளை நுரைப் பலகையில செதுக்க இருந்த மண்டையோட்டுச் சுவர்தான் முதல்ல போனது. இருட்டுக்குள்ள முன்னால போறவரின்ர சேட்டைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிற சனம் சுவரையா பாக்கும்? கறுப்புத் துணி போதும். பாதையை மட்டும் நாலு தரம் மடிச்சு விட்டன். வெளிய வந்த பொடியங்கள் ஆறேழு அறை இருக்கும் எண்டு கதைச்சாங்கள்.

மிச்சம் பிடிச்ச காசு ஒரு கண்ணாடிக்குப் போனது; முகம் பாக்கிற கண்ணாடியில்லை, அங்கால தெரியிற வெறும் கண்ணாடி. 1862இல லண்டனில பெப்பர் எண்டவர் மேடையில காட்டின வித்தை. 1969இல டிஸ்னிலாண்டில திறந்த பேய் மாளிகையில ஆடுற ஆவிகளும் இதே தத்துவம்தான். பெரிய கண்ணாடியை 45 பாகை திருப்பி நிப்பாட்டி, பக்கத்தில மறைவா ஒரு கறுப்புக் கூண்டு. அதுக்குள்ள பேய் வேசத்தில இருக்கிற பொம்பிளைப் பிள்ளைக்கு லைட்டை மெல்லக் கூட்டினா, அங்கால வெறும் கதிரையில ஒரு பொம்பிளை வந்து இருப்பா. கண்ணாடியில இருந்து பிள்ளைக்கும் கதிரைக்கும் தூரம் ஒண்டா இருக்கோணும். முதல் நாள் அரை அடி பிசகி, பேய் அந்தரத்தில குந்திக்கொண்டிருந்தது. முதலாளி கண்ணாடிக்குப் பதிலா பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தகடு மலிவு எண்டார். அது நெளிஞ்சா பேயின்ர மூஞ்சையும் நெளியும் எண்டு மறுத்திட்டன்.

சவப்பெட்டி மூடியை அசைக்க, பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில ஒரு பழைய கார் வைப்பர் மோட்டர். 12 வோல்ட். தடியோட வாங்கினா போய் வாற அசைவும் சேந்தே வரும்.

பிழையும் விட்டன். காத்து இழுக்கிற ஃபேன் ரெண்டில ஒண்டை வெட்டினன். மூண்டாம் நாள் ஒரு அம்மாவுக்கு உள்ளுக்க தலைசுத்து. அண்டைக்கே ஓடிப்போய், கேட்ட விலைக்கு வாங்கிப் பூட்டினம். அவசர வாசலில மட்டும் முதலாளியை வாயே திறக்க விடேல்லை.

— தெமட்டகொடையிலிருந்து ஒருவர்:
வெசாக் தோரணைக்கு, அதுதான் புத்தர் கதைப் படங்களோட கட்டுற லைட் பந்தலுக்கு, லைட் பூட்டுற ஒரு பாஸிட்ட (மேஸ்திரியிட்ட) சின்ன வயசில எடுபிடியா நிண்டனான். காசு குறைஞ்ச வருசம் அவர் பல்பைக் குறைப்பார், கோலத்தைக் குறைக்க மாட்டார். சுத்துற உருளையில செப்புத் தகட்டை மாத்தி ஒட்டுவார். எந்த வரிசை எப்ப பத்தோணும் எண்டது அந்தத் தகட்டிலதான். அதே பல்பு ஒருக்கா பூவா விரியும், ஒருக்கா சக்கரமாச் சுத்தும். கீழ நிக்கிற சனத்துக்கு ஒண்டும் குறைஞ்சதாத் தெரியாது.

— வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்:
அண்ணை, அந்தப் பேய் வீட்டுக்கு நாங்களும் வந்தனாங்கள் போல கிடக்கு. கதிரைப் பொம்பிளையைக் கண்டு என்ர மகள் கத்தின கத்தில பக்கத்துக் கடைக்காரரும் ஓடி வந்தவர். சவப்பெட்டிதான் சரிவரேல்லை. என்ர மனுசன் த்ரீவீல் கராஜ் வைச்சிருக்கிறவர். மூடி திறக்க எல்லாரும் பின்னுக்குப் பாய, இவர் மட்டும் காதைக் குடுத்துக் கேட்டிட்டு, "புஷ் தேஞ்சு போச்சு, கிறீஸ் வைக்கோணும்" எண்டார்.