கறுப்பில் வெள்ளை எழுத்து: லோக்கல் டிம்மிங்கை எப்படிச் சோதிப்பது?

நிலாமுற்றம்:
மினி எல்இடி மானிட்டர் வாங்கியிருக்கேன். 4கே, ஐபிஎஸ் பேனல். பின்னாடி இருக்கிற எல்இடி விளக்குகள் 576 ஸோனா, அதாவது தனித்தனியா ஏத்தி இறக்கற பகுதிகளா, பிரிஞ்சிருக்கு; படத்துக்கேத்தபடி அப்படி ஏத்தி இறக்கறதுதான் லோக்கல் டிம்மிங். லைட்டை அணைச்சுட்டுப் படம் பார்த்தா, சப்டைட்டிலைச் சுத்தி சாம்பல் புகை மாதிரி ஒரு வெளிச்சம். மவுஸ் அம்புக்குறி போற இடமெல்லாம் அதுவும் கூடவே வருது. ஆனா முழுக் கறுப்புப் படம் வச்சா திரை இருக்கிற இடமே தெரியல. போன்ல போட்டோ எடுத்தா புகை இன்னும் பெருசாத் தெரியுது. இது பழுதா? திருப்பி அனுப்ப பத்து நாள்தான் இருக்கு.

கரும்பலகை:
பழுதில்லை நண்பரே. 4கே திரையில 82,94,400 பிக்சல். அதை 576-ஆல வகுத்தா ஒரு ஸோனுக்கு 14,400, அதாவது கிட்டத்தட்ட 120-க்கு 120 சதுரம். ஒரு எழுத்துக்காக அந்தச் சதுரம் முழுக்க எரியணும். ஐபிஎஸ் வகைப் பேனல்ல, விளக்குக்கு முன்னாடி இருக்கிற பிக்சல் மூடியிருந்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி கசியும். அதுதான் நீங்க பார்க்கிற புகை. விஏங்கற இன்னொரு வகைப் பேனல்னா கசிவு மூணுல ஒரு பங்குக்கும் கீழே.

ஒளிமானி:
பதினொரு வருஷமா எடிட்டிங் அறைகளுக்குத் திரை கேலிபிரேட் பண்றேன், அதாவது நிறமும் வெளிச்சமும் அளந்து சரிபண்றேன். கரும்பலகை சொன்ன கணக்கு சரி. ஆனா ஸோன் எண்ணிக்கையை மட்டும் வச்சு ஒரு திரையை எடை போடாதீங்க. எல்இடிக்கு மேல இருக்கிற டிஃப்யூசர் ஒளியைப் பக்கத்து ஸோன்களுக்கும் பரப்பும். அது எவ்வளவு தூரம் பரவுது, எந்த ஸோனை எவ்வளவு ஏத்தணும்னு அல்காரிதம் எப்படி முடிவு பண்ணுதுங்கறதுதான் விஷயம்.

முழுக் கறுப்பை அளக்கிறதில பிரயோஜனமே இல்லை. எல்லா எல்இடியும் அணைஞ்சிருக்கும், எந்தத் திரையும் அதுல பாஸாகிடும். வெள்ளைக்குப் பக்கத்துல இருக்கிற கறுப்பை அளங்க. நான் 16 கட்டச் சதுரங்கப் படம் வச்சு, கறுப்புக் கட்டத்தோட நடுவை ஒளி அளக்கிற மீட்டரால அளப்பேன். ஒரு தடவை 0.09 நிட் (திரைப் பிரகாசத்தை அளக்கிற அலகு) காட்டுச்சு. நம்ப முடியாம, சுத்தியுள்ள வெள்ளைக் கட்டங்களைக் கறுப்பு அட்டையால மறைச்சேன். 0.05-க்கு இறங்கிடுச்சு. மிச்சம் மீட்டரோட லென்ஸுக்குள்ளேயே சிதறின ஒளி! அன்னையிலிருந்து அட்டை இல்லாம நான் அளக்கிறதே இல்லை. நம்ம கண்ணுக்குள்ளேயும் இதே சிதறல் உண்டு. ரொம்பப் பிரகாசமான பொருளை ஒட்டியிருக்கிற புகையைக் கண்ணே ஓரளவு மறைச்சிடும். தள்ளித் தெரியற புகைதான் உறுத்தும்.

போன் படத்தை ஆதாரமா எடுத்துக்காதீங்க. திரை பெரும்பாலும் கறுப்பா இருக்கறதால ஆட்டோ எக்ஸ்போஷர் தூக்கிக் காட்டும். எக்ஸ்போஷரைப் பூட்டிட்டு எடுங்க.

மீட்டர் இல்லேன்னா: அறையை இருட்டாக்கி, கண் பழகப் பத்து நிமிஷம் உட்காருங்க. கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மெதுவா நகர்ற படம் ஓட்டுங்க. ஸோன் எல்லையைத் தாண்டும்போது புள்ளி மங்கி மங்கி எரியுதா? வெளிச்சம் புள்ளிக்குப் பின்னாடி இழுபட்டு வருதா? நேரா உட்கார்ந்தும் பாருங்க, பக்கவாட்டிலிருந்தும் பாருங்க. பக்கத்திலிருந்து கசிவு கூடத்தான் செய்யும்.

அப்புறம், எந்த செட்டிங்கையும் மாத்தாம, அதே நிலையில நட்சத்திர வானம் பாருங்க. இதை நிறையப் பேர் விட்டுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். புகையை அடக்கற டிம்மிங் பல நேரம் சின்ன நட்சத்திரங்களையும் சேர்த்து அணைச்சிடும். ஒளிப்பதிவாளர் பாடுபட்டு எடுத்த வானம் அது. புகை தெரிஞ்சாலும் எனக்குச் சம்மதம், நட்சத்திரம் காணாமப் போகக்கூடாது.

தூரிகை:
கேம் மோடில் தனியாச் சோதிங்க. சில மாடல்கள் தாமதத்தைக் குறைக்க அதில் எளிமையான டிம்மிங்குக்கு மாறிடும்.

நிலாமுற்றம்:
நன்றி ஒளிமானி அண்ணா. நேத்து ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். டிம்மிங் 'உயர்' நிலையில புகை குறைவு, ஆனா பாதி நட்சத்திரத்தைக் காணோம். 'நடு'வில நட்சத்திரம் எல்லாம் இருக்கு, புள்ளி சீரா நகருது, நேரா உட்கார்ந்தா புகை லேசாத்தான் தெரியுது. சப்டைட்டிலை வெளிர்சாம்பலுக்கு மாத்தினதும் அதுவும் அடங்கிடுச்சு. டெஸ்க்டாப் வேலைக்கு டிம்மிங்கை அணைச்சு வச்சுட்டேன். மானிட்டர் இங்கேயே இருக்கட்டும்.