சினையாக இருக்கக்கூடிய பெட்டைக் குதிரை மெலிந்துகொண்டே வருகிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளி அருகே கடலோரத்தில் வசிக்கிறோம். எங்கள் 9 வயதுப் பெட்டைக் குதிரையைப் பங்குனியில் ஆண் குதிரையுடன் சேர்த்தோம். அதன் பிறகு அது பருவத்துக்கு வரவில்லை என்பதால் சினை பிடித்திருக்கும் என்று நம்புகிறோம். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.

கொள்ளும் தவிடும் வழக்கம்போல் தின்றும், கடந்த 6 வாரங்களில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். கரு வேகமாக வளர்வது கடைசி 3 மாதங்களில்தான் என்பதால், 4ஆம் மாதத்திலேயே இப்படி இளைப்பதற்குச் சினை மட்டும் காரணமாக இருக்காது என்று கருதுகிறேன்.

இங்கே மணற்பாங்கான நிலம். மேயும்போது புல் வேரோடும் மணலோடும் வந்துவிடுகிறது. நேற்று லத்தியை ஒரு கண்ணாடிக் குவளை நீரில் கரைத்து வைத்தேன். சிறிது நேரத்தில் அடியில் அரை விரற்கடை உயரத்துக்கு வெண்மணல் படிந்ததால், குடலில் மணல் தேங்கியிருக்குமோ என்று ஐயப்படுகிறேன். அத்துடன், பாதி மென்ற புல்லை ஈர உருண்டையாகக் கீழே போட்டுவிடுவதால் கடைவாய்ப் பற்கள் கூராகியிருக்குமோ என்றும் ஐயம். மாட்டு ஈக்கள் மிகுதி என்பதால், கடிக்கும் ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோயான சர்ராவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யவும் எண்ணியுள்ளேன்.

சினையை உறுதிசெய்யும் முன் குடற்புழு மருந்து கொடுக்கலாமா, எந்த மருந்து கருவுக்குப் பாதுகாப்பானது, மணலை வெளியேற்ற இசப்கோல் எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்களும் கால்நடை மருத்துவர்களும் தெரிவிக்க வேண்டுகிறேன். இராமநாதபுரத்திலோ மதுரையிலோ குதிரைக்கு ஸ்கேன் எடுக்கும் மருத்துவரை அறிந்தவர்கள் கூறினால், இந்த வாரமே அழைத்துச் செல்வேன்.