‘ஓப்பன் த லைட்’: ‘பெயர்வு’ என்னும் சொல்லை முன்வைத்து

அன்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

சீனம் பேசும் மாணவர்கள் ஆங்கிலம் கற்கும்போது நேரும் பிழைகளைப் பற்றித் தமிழில் எழுதுவதற்காக, மொழியியலில் வழங்கும் ‘டிரான்ஸ்ஃபர்’ என்பதற்கு, அதாவது ஒருவர் அறிந்த மொழியின் பழக்கம் அவர் புதிதாகக் கற்கும் மொழிக்குள் வந்துவிடுவதற்கு, ஒரு சொல் கேட்டிருந்தேன். ‘குறுக்கீடு’, ‘தாக்கம்’, ‘பரிமாற்றம்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. ‘ஓப்பன்’ என்ற ஒரு சிறு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு மூன்றையும் பொருத்திப் பார்த்தேன்.

சீனத்தில் ‘காய்’ என்று ஒலிக்கும் வினைச்சொல்லுக்கு முதற்பொருள் திறத்தல். அதன் பழைய எழுத்துவடிவில் கதவைக் குறிக்கும் உறுப்பு வெளிப்படையாகவே இருக்கும். இன்றைய எளிய வடிவில் அந்தக் கதவு இல்லை. வழக்கிலும் அந்தச் சொல் கதவைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது: விளக்கைப் போடுவது, வண்டி ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது எல்லாமே ‘காய்’தான். ஆகவே அந்த மொழியில் வளர்ந்த ஒருவர் ‘ஓப்பன் த லைட்’ என்று சொல்லும்போது அவர் புதிதாக எதையும் தவறாகப் படித்துவிடவில்லை. ‘காய்’ எங்கெல்லாம் செல்லுமோ அங்கெல்லாம் ‘ஓப்பன்’ என்பதும் செல்லும் என்று, தம்மை அறியாமலேயே நம்பிவிடுகிறார். சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலத்தில் இந்தத் தொடரைக் கேட்கலாம். அங்கே மலாயும் ‘பூக்கா லம்பு’ என்று விளக்கைத் ‘திறக்கவே’ செய்வதால், இரண்டு மொழிகள் ஒரே திசையில் தள்ளுகின்றன. நம்மவர்கள் ‘புட் த ஃபேன்’ என்பதும் இதே வகைதான். ஃபேனைப் ‘போடு’ என்னும் தமிழ் அதனுள் இருக்கிறது.

இனி, அதே மாணவர் ‘ஓப்பன் த டோர்’, ‘ஓப்பன் எ ஷாப்’ என்று சொல்கிறார். இரண்டும் சரியானவை, இரண்டுக்கும் சீனத்தில் ‘காய்’தான். அவரைப் பிழையில் தள்ளிய அதே இயக்கமே இங்கே அவருக்குத் துணைநிற்கிறது. ‘குறுக்கீடு’ என்ற சொல் இந்தப் பாதியை மறைத்துவிடும் என்பதே என் முதன்மையான மறுப்பு. 1953இல் மொழியியலாளர் யூரியல் வைன்ரைக் ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்று எழுதியதற்கு அது பொருத்தமான தமிழ். அதற்கே அதை வைத்துக்கொள்வோம். ‘பரிமாற்றம்’ இருபுறமும் கொடுக்கல் வாங்கல் நிகழ்வதைச் சொல்வது, எனவே பொருந்தாது. ‘தாக்கம்’ மிகவும் பரந்தது.

என் பரிந்துரை ‘பெயர்வு’. தாய்மொழியிலிருந்து வருவது தாய்மொழிப் பெயர்வு. உதவினால் துணைப்பெயர்வு, இடறினால் பிழைப்பெயர்வு. சீனத்திலும் இக்கருத்துக்கு இடம்பெயர்தல் என்று பொருள்படும் ‘சியென்யி’ என்ற சொல்லையே வழங்குகிறார்கள்.

எல்லைக்கோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கடை திறந்திருக்கிறது என்பதற்கு ‘இஸ் ஓப்பன்’ என்று கற்றவர், மூடியிருக்கிறது என்பதற்கு ‘இஸ் க்ளோஸ்’ என்று எழுதிவிடுவதுண்டு. ‘க்ளோஸ்ட்’ என்று எழுத வேண்டும் என்பது ஆங்கிலத்தின் உள்முரண். ‘ஓப்பன்’ என்பதைப் பார்த்து ‘க்ளோஸ்’ என்பதையும் அப்படியே அமைத்த பிழை இது. அந்த அளவில் இதைப் பெயர்வு என்று சொல்லக் கூடாது. மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் இடைமொழியை, அதாவது கற்பவர் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும் இடைநிலை மொழியமைப்பை, பற்றி எழுதிய கட்டுரையிலும் மொழிப் பெயர்வும், கற்ற விதியைப் பொருந்தாத இடத்துக்கும் நீட்டுவதான ‘விதியை மிகைப்படுத்தலும்’ தனித்தனியாகவே வைக்கப்பட்டுள்ளன.

‘மொழிபெயர்ப்பு’ என்பதோடு குழம்பிவிடாதா என்று நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். ‘மொழி’ என்ற வெறும் முன்னொட்டோடு சொன்னால் காதுக்குக் குழப்பம் வரும்தான். அதனால்தான் ‘தாய்மொழி’ என்று முழுமையாகச் சேர்க்கிறேன். ஆனால் அடிச்சொல்லில் குழப்பம் இல்லை. பெயர்ப்பது பிறவினை, ஒருவர் அறிந்து செய்வது. பெயர்வது தன்வினை, தானாக நிகழ்வது. விளக்கைத் ‘திறக்கும்’ மாணவர் எதையும் பெயர்க்கவில்லை, அவர் வாயில் அது பெயர்ந்து வருகிறது. எனவே வினையாக எழுதும்போதும் ‘பொருளைப் பெயர்த்தார்’ என்று எழுதாமல் ‘பொருள் பெயர்ந்தது’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து.