7 இருக்கை எஸ்யூவிக்கு மேல் கேரியர்: பொருத்துகிறவர்களும் ஏற்றுகிறவர்களும் சொல்வது

கேரியர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வண்டியின் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது. அந்த எண் வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். பெரிய குடும்ப எஸ்யூவிகளில் பெரும்பாலும் 75 அல்லது 100 கிலோ. வண்டி இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, 200 கிலோ ஏற்றினால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். வண்டியின் உருவத்துக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கூரையின் பலத்தோடு, வளைவில் வண்டி எவ்வளவு சாயும், பிரேக் அடித்தால் எப்படி நிற்கும் என்பதையும் வைத்தே தயாரிப்பாளர் அதை முடிவு செய்கிறார்.

மொத்தம் மூன்று எண்கள்: கூரைக்கு ஒன்று, கூரையின் குறுக்கே இடமிருந்து வலமாகப் பொருத்தும் குறுக்குக் கம்பிகளுக்கு ஒன்று, மேலே வைக்கும் கூடைக்கோ பெட்டிக்கோ ஒன்று. மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. கூடையின் அட்டைப்பெட்டியில் 150 கிலோ என்று அச்சடித்திருந்தாலும், கூரைக்கு 75 என்றால் 75தான்.

அந்த 75க்குள் கேரியரின் சொந்த எடையும் அடக்கம் என்பதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். முழுநீள இரும்புக் கூடையும் அதைக் கூரையில் பிடித்து நிறுத்தும் பாதங்களும் 35 கிலோ என்றால், சாமானுக்கு மிச்சம் 40 கிலோ. இரண்டு பெரிய சூட்கேஸ், அவ்வளவுதான். அதே கூரையில் 5 கிலோ அலுமினியக் கம்பியும் 18 கிலோ பிளாஸ்டிக் பெட்டியும் வைத்தால் 52 கிலோ மிச்சம். பார்க்க வலுவாக இருக்கிறது என்று கனமான கேரியரை வாங்குகிறவர், ஏற்றும் உரிமையில் ஒரு பகுதியைக் கேரியருக்கே கொடுத்துவிடுகிறார்.

குண்டும் குழியுமான சாலை, மண் பாதை என்றால் வரம்பை இன்னும் குறைக்க வேண்டும். கரடுமுரடான பாதைக்கு எண்ணை 1.5ஆல் வகுக்கச் சொல்லும் கேரியர் தயாரிப்பாளர்கள் உண்டு. 100 கிலோ என்பது அங்கே 66 கிலோ. ஒவ்வொரு பள்ளத்திலும் சாமான் எழும்பி விழும்போது, அதன் எடையைவிடப் பல மடங்கு அடி பாதங்களில் இறங்குகிறது.

* * *

மேலே சொன்ன கணக்கு கூரைக்கானது. 7 பேர் ஏறும் வண்டியில் அதற்கு முன்பே இன்னொரு கணக்கு இடிக்கும்.

வண்டியின் அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய மொத்தம். உதாரணமாக 2,800 கிலோவில் 2,150 போனால் 650. ஏழு பேர், ஆளுக்குச் சராசரி 70 கிலோ என்றால் 490. மிச்சம் 160. கூரையில் கேரியரும் சாமானுமாக 100 கிலோ ஏற்றிவிட்டால், டிக்கியில் வைக்க 60 கிலோதான் உண்டு. மூன்றாவது வரிசை இருக்கையை நிமிர்த்தினால் டிக்கி சுருங்கிவிடும், அதனால்தான் கேரியரே தேடுகிறோம். ஆனால் அந்த வரிசையில் ஆள் உட்கார்ந்ததுமே எடைக் கணக்கும் சுருங்கிவிடுகிறது. கூரை வரம்புக்குள் இருந்துகொண்டே மொத்த எடையைத் தாண்டுவது மிகச் சுலபம். பின்பக்கம் தாழ்ந்து நிற்பது, இரவில் ஹெட்லைட் மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிப்பது, ஸ்டீயரிங் லேசாகிப்போவது எல்லாம் இதன் அறிகுறிகள்.

டயர் காற்றழுத்தமும் இதோடு சேர்ந்தது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்கென்று தனி அழுத்தம் கொடுத்திருந்தால், கிளம்பும் முன், டயர் சூடாவதற்கு முன்பே அந்த அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

* * *

கூரையின் வகையைப் பார்க்காமல் கேரியர் வாங்குவதால்தான் அதிகம் திருப்பி அனுப்பப்படுகிறது. வண்டியின் அருகில் நின்று பாருங்கள்.

கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே விரல்கள் நுழையும் இடைவெளி இருந்தால் அது எழும்பிய ரெயில். பொருத்த மிகச் சுலபமானது இது. கவ்வும் பாதங்கள் பல மாடல்களுக்கும் பொதுவாகக் கிடைக்கும். இடைவெளியே இல்லாமல் கூரையோடு ஒட்டிப் படுத்திருந்தால் அது படுத்த ரெயில். அதற்கு அந்த மாடலுக்கென்றே செய்த கவ்விதான் வேண்டும். எழும்பிய ரெயிலுக்கான பொதுக் கவ்வியை இதில் மாட்டினால், முறுக்கும்போது பிடித்த மாதிரி இருக்கும், ஓட ஓட நழுவும்.

ரெயிலே இல்லாத மொட்டைக் கூரையில், கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பில் கொக்கி மாட்டும் வகை வேண்டும். இதில் பாதம் உட்காரும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் முக்கியம். கூரையின் ஓரம்தான் உறுதியானது. பாதம் உள்பக்கம் நகர்ந்து மெல்லிய தகட்டின் மேல் உட்கார்ந்தால் குழி விழும். கேரியரோடு வரும் தாளில் எங்கிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். டேப் வைத்து அளந்தே வையுங்கள். சில வண்டிகளில் பிளாஸ்டிக் மூடியின் கீழே மரை போட்ட துளைகள் இருக்கும். அவை இருந்தால் அதுவே மிக உறுதியான பிடிமானம். போல்ட்டை முதல் மூன்று நான்கு சுற்று கையாலேயே முறுக்க வேண்டும். எடுத்தவுடன் ஸ்பேனர் போட்டால் மரை குறுக்கே ஏறிக் கெட்டுப்போகும், கூரைக்குள் இருக்கும் மரையை மாற்றுவது பெரிய வேலை. மழைநீர்க் கால்வாய் உள்ள பழைய பாணி வண்டி என்றால் கவலையே இல்லை, கால்வாயில் உட்காரும் கவ்வி போதும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது அலங்கார ரெயில். சில வண்டிகளில் ரெயில் போலவே தெரியும், கையால் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும், பிசினாலும் கிளிப்பாலும் ஒட்டியது. அதில் கம்பி மாட்டி 50 கிலோ ஏற்றினால், கவ்வி ரெயிலை விடாது, ரெயில் கூரையை விட்டுவிடும். கையேட்டில் அந்த மாடலுக்குக் கூரைச் சுமை எண் எதுவும் இல்லை, அல்லது "சுமை ஏற்றக் கூடாது" என்று இருக்கிறது என்றால், அந்த ரெயிலை நம்பவே வேண்டாம்.

கூரையில் துளை போட்டுப் பொருத்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீர்க்கசிவும் துருவும் வருவது ஒருபக்கம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அது கூரை ஓரத்தின் உட்பக்கம்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. டிரில் அதன் மேலேயே இறங்கலாம்.

* * *

பொருத்தும்போது நடக்கும் தவறுகளைச் சேர்க்கிறேன்.

பாதம் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு வையுங்கள். ரப்பருக்கு அடியில் சிக்கும் மணல் ஒவ்வொரு அதிர்விலும் பெயின்ட்டைத் தேய்க்கும். மொட்டைக் கூரை என்றால் அந்த இடத்தில் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டுவது நல்லது.

முன்கம்பியும் பின்கம்பியும் பல வண்டிகளில் ஒரே நீளத்தில் வராது, கூரையின் அகலம் மாறுவதால். கழற்றும்போது அடிப்பக்கம் "முன்", "பின்" என்று எழுதிவையுங்கள். இரண்டுக்கும் நடுவே கையேடு சொல்லும் தூரம் விடுங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் சுமார் 70 செ.மீ. பெட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால் பெட்டியின் அடியில் உள்ள நீள்துளைகள் எந்தத் தூரத்துக்கு ஒத்துவரும் என்று முதலில் அளந்துவிட்டுக் கம்பியை இறுக்குங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை வேலை.

இறுக்குவது ஒரு பக்கம் முழுதாக, பிறகு மறுபக்கம் என்று இருக்கக் கூடாது. இடம் இரண்டு சுற்று, வலம் இரண்டு சுற்று என்று மாறி மாறிப் போனால்தான் கம்பி நடுவில் நிற்கும். கூடவே வரும் சாவி சொன்ன முறுக்குவிசைக்கு வந்ததும் "டக்" என்று விடும் வகை என்றால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் தாளில் உள்ள நியூட்டன் மீட்டர் எண்ணுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். அந்த எண் பெரும்பாலும் சிறியதுதான். கை பலத்தைக் காட்டி முறுக்கினால் ரெயில் நசுங்கும், மரை உரியும், பிளாஸ்டிக் பாதம் விரியும்.

சரிபார்க்க ஒரு வழி: கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். வண்டியே சஸ்பென்ஷனில் ஆடினால் சரி. கம்பி மட்டும் அசைந்தால் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். ரப்பர் அமுங்கி இடம் கொடுத்திருக்கும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் இடங்களில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிறிது கிரீஸ் தடவலாம் என்று பலர் தடவுகிறார்கள். கிரீஸ் தடவிய மரையில் அதே முறுக்குவிசை கூடுதலாக இறுக்கிவிடும். தயாரிப்பாளர் சொன்னால் மட்டும் தடவுங்கள்.

மூன்றாவது கம்பி போட்டால் கூடுதலாக ஏற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. சுமை பரவும், நீளமான சாமான் தொய்யாது. ஆனால் கூரையின் வரம்பு ஒரு கிலோகூட உயராது.

* * *

கூடையா பெட்டியா என்பதில், குடும்ப வண்டிக்குப் பெட்டி என்றே சொல்வேன். மழை நனைக்காது, தூசி புகாது, பூட்டு உண்டு, காற்றை ஓரளவு வழுக்கிவிடும், எடையும் குறைவு. 400 முதல் 500 லிட்டர் பெட்டியில் படுக்கை, போர்வை, மடக்கிய குழந்தை வண்டி, துணிப்பை எல்லாம் அடங்கும். குடும்பப் பயணத்தில் மேலே போக வேண்டியவையும் இவையே: இடத்தை அடைக்கும், ஆனால் கனக்காது. தண்ணீர் கேன், கருவிப்பெட்டி, அடுப்பு போன்ற கனமானவை டிக்கியின் தரையில், இருக்கை முதுகை ஒட்டி. பெட்டிக்குள்ளும் கனமானதை இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் வைத்து, முனைகளில் லேசானதை வையுங்கள்.

இரண்டு பக்கமும் திறக்கும் பெட்டியாக வாங்குங்கள். உயரமான எஸ்யூவியில் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மறுபக்க மூலைக்குக் கை எட்டாது. பெட்டியின் பிடி யு-போல்ட்டா, கவ்வியா என்றும் பாருங்கள். அகலமான இறக்கை வடிவக் கம்பியில் பழைய யு-போல்ட் நுழையாது.

* * *

பெட்டிதான் என்று முடிக்க வேண்டாம். சேறு படிந்த சாமான், ஒழுங்கற்ற வடிவம், பெட்டிக்குள் வைக்க முடியாத உயரம் என்று வந்தால் கூடையோ தட்டையான அலுமினியத் தளமோதான் வேலைக்கு ஆகும். தளத்தின் நன்மை, பக்கச் சுவர் இல்லாததால் அகலமான சாமானும் உட்காரும், தளத்திலேயே உள்ள பள்ளங்களில் பட்டை கட்ட எங்கும் பிடி கிடைக்கும். இரும்புக் கூடையை மட்டும் தவிருங்கள். எடைக் கணக்கு முதலிலேயே வந்துவிட்டது.

கூடையில் கட்டும் விதம்தான் எல்லாம். பலமாக பிரேக் அடித்தால் 50 கிலோ சாமான் முன்னால் சுமார் 40 கிலோ விசையோடு தள்ளும். மோதலில் அது பல மடங்கு. ஆகவே பட்டை மேலிருந்து அமுக்குவதோடு நிற்காமல், முன்னும் பின்னும் நகர விடாமலும் பிடிக்க வேண்டும். ரப்பர் கொக்கிக் கயிறு தார்ப்பாயை அமர்த்த உதவும், சாமானைப் பிடிக்க உதவாது. பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும், மழையில் கட்டு தளரும். சூட்கேஸ், கயாக் போன்ற நசுங்கும் சாமானுக்கு, நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் வேண்டாம், இழுத்துப் பூட்டும் சாதாரணக் கொக்கி போதும். பட்டையைக் கூடையின் அலங்கார விளிம்பில் கட்டாமல் குறுக்குக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நீண்டு நிற்கும் பட்டையில் ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் வேகத்தில் "உர்ர்" என்று அதிராது. தார்ப்பாயின் தளர்ந்த ஓரம் நெடுஞ்சாலையில் படபடத்தே கூரைப் பெயின்ட்டை உரித்துவிடும். சாமானை நீர்புகாப் பையில் போட்டு மேலே வலை கட்டுவது அதைவிட மேல்.

* * *

சத்தமும் எரிபொருளும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது: 80லிருந்து 120க்குப் போனால் 2.25 மடங்கு. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, மொட்டை முகப்புள்ள பெரிய கூரைப் பெட்டி நகரத்தில் மைலேஜை 2 முதல் 8 சதவீதம் குறைக்கிறது. மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம். வண்டியின் பின்னால் மாட்டும் பெட்டிக்கு நெடுஞ்சாலையிலும் 1 முதல் 5 சதவீதம்தான். காலியான கேரியரும் காற்றைத் தடுக்கும், ஆகவே பயணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஊளைச் சத்தம் பெரும்பாலும் சதுரக் கம்பியிலிருந்தோ, இறக்கை வடிவக் கம்பியின் மேல்பள்ளம் திறந்து கிடப்பதாலோ வருகிறது. பள்ளத்துக்கான ரப்பர் பட்டையைப் பாதங்களின் இடைவெளிக்கு வெட்டி முழுவதும் நிரப்புங்கள். உருண்டைக் கம்பி என்றால் கயிற்றைத் திருகுசுருளாகச் சுற்றினாலே காற்றுச் சுழல் ஒழுங்கு குலைந்து சத்தம் அடங்கும்.

* * *

மூன்று அளவுகள் எடுக்காமல் பெட்டி வாங்க வேண்டாம். டிக்கிக் கதவை முழுதாகத் தூக்கி, அதன் மேல்முனைக்கும் பின்கம்பிக்கும் உள்ள தூரம்; பெட்டியின் வால் அதைத் தாண்டினால் கதவு இடிக்கும். சன்ரூஃப் வெளிப்பக்கம் எழும்பித் திறக்கும் வகை என்றால் கம்பிக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி. கேரியர் இருக்கும்வரை அதைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு. கடைசியாக மொத்த உயரம்: 1.85 மீட்டர் வண்டி, 10 செ.மீ. கம்பி, 40 செ.மீ. பெட்டி என்றால் 2.35 மீட்டர். 2.1 மீட்டர் அடித்தளப் பார்க்கிங்கில் நுழையாது. அந்த எண்ணை எழுதி, ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

* * *

கூரைக் கூடாரம் யோசிப்பவர்களுக்கு: நிற்கும்போது தாங்கும் எடையும் ஓடும்போது தாங்கும் எடையும் வேறு. நிற்கும் வண்டிக்குத் தயாரிப்பாளர் தனியாகப் பெரிய எண் கொடுத்திருந்தால் கூடாரத்துக்குள் ஆள் படுக்கலாம். ஓடும்போது கூடாரம் 60, கம்பி 6 என்று 66 கிலோ ஏற்கெனவே மேலே இருக்கிறது. 75 கிலோ கூரையில் மிச்சம் 9 கிலோ. ஏழு பேரின் படுக்கையும் வண்டிக்குள்ளேதான் வர வேண்டும்.